மருந்தா, பயிற்சியா, பள்ளி மாற்றமா? ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைக்கு எதை முதலில் செய்வது

மூன்றாம் வகுப்பில் படிக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு, அதாவது பலரும் சொல்லும் ஏ.டி.எச்.டி., இருப்பதாக மருத்துவர் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து வீட்டில் மூன்று யோசனைகள் ஒன்றோடொன்று மோதத் தொடங்குகின்றன. மாத்திரை கொடுத்துவிடலாம் என்பது ஒன்று. மாத்திரையே வேண்டாம், தெரபிக்கு அனுப்பிப் பார்ப்போம் என்பது மற்றொன்று. இந்தப் பள்ளிக்கூடம்தான் சரியில்லை, டி.சி. வாங்கிக்கொண்டு வேறு இடத்தில் சேர்த்துவிடலாம் என்பது மூன்றாவது. பாட்டி இருக்கும் வீடுகளில், "அவங்கப்பனும் சின்ன வயசுல இப்படித்தான் வாலா இருந்தான், தானா சரியாயிடும்" என்ற நான்காவது யோசனையும் சேர்ந்துகொள்ளும். பாட்டி சொல்வதில் முதல் பாதி பெரும்பாலும் சரியாகவே இருக்கும்; இக்குறைபாட்டில் மரபின் பங்கு 70 முதல் 80 விழுக்காடு வரை என்றே இரட்டையர் ஆய்வுகள் கணக்கிடுகின்றன. இரண்டாம் பாதியைத்தான் நம்பியிருக்க முடியாது. ஓடியாடும் வேகம் வயதோடு தணிந்தாலும், கவனச் சிதறலும் ஒழுங்கமைக்க இயலாமையும் பலருக்கு இளமைக்காலத்தைக் கடந்தும் தொடர்கின்றன.

முதல் மூன்று யோசனைகளையும் ஒன்றுக்கொன்று மாற்றாக வைத்துப் பேசுவதில்தான் பெரும்பாலான குடும்பங்களில் காலம் வீணாகிறது. பயிற்சி என்பது பிள்ளையைச் சுற்றியுள்ள பெரியவர்களின் நடைமுறையை மாற்றுவது. மருந்து என்பது பிள்ளையின் மூளை கவனத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் திறனைச் சில மணி நேரத்துக்கு உயர்த்துவது. பள்ளி மாற்றம் என்பது அவன் நாளில் ஆறேழு மணி நேரம் இருக்கும் இடத்தையே மாற்றுவது. மூன்றும் வெவ்வேறு சிக்கல்களுக்கு விடை தருபவை என்பதால், பெற்றோர் முடிவு செய்யவேண்டியது எதை எதற்குப் பின் செய்வது என்பதையே.

ஒப்பிடும் முன் உறுதி செய்யவேண்டியவை

இக்குறைபாட்டைக் கண்டறிய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி, கவனக்குறைவைச் சார்ந்த ஒன்பது அறிகுறிகளில் ஆறேனும், அல்லது மிகையியக்கத்தையும் பொறுமையின்மையையும் சார்ந்த ஒன்பதில் ஆறேனும் குறைந்தது ஆறு மாதங்களாக இருக்கவேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்கவேண்டும். வீடு, பள்ளி போன்ற இரண்டு இடங்களிலாவது காணப்பட்டு, அன்றாட வாழ்வைப் பாதிக்கவும் வேண்டும். இவற்றுள் 'இரண்டு இடங்கள்' என்ற நிபந்தனைதான் நடைமுறையில் அதிகம் தவறவிடப்படுகிறது. வகுப்பாசிரியர் நிரப்பித் தரவேண்டிய மதிப்பீட்டுப் படிவம் இல்லாமல், பெற்றோர் சொன்னதை மட்டும் கேட்டு, பதினைந்து நிமிடத்தில் எழுதப்பட்ட அறிக்கையை வைத்துக்கொண்டு எந்த வழியையும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

அறிக்கையைவிடச் சில வேளைகளில் நோட்டுப் புத்தகம் அதிகம் சொல்லும். ஒரு பக்கத்தில் எட்டுக் கழித்தல் கணக்குகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்றும் கடன் வாங்கிச் சரியாகப் போடப்பட்டிருக்கின்றன. நான்காவதில் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருக்கிறான். ஐந்தாவதில் கரும்பலகையில் இருந்த எண் வேறு, நோட்டில் உள்ள எண் வேறு. ஆறாவது பாதியில் நிற்கிறது. ஓரத்தில் ஜன்னல் கம்பிகள் உட்பட ஒரு பேருந்து நேர்த்தியாக வரையப்பட்டிருக்கிறது. இப்பிள்ளைக்குக் கழித்தல் தெரியும், அதைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும் திறன்தான் நழுவுகிறது. மாறாக, எட்டுக் கணக்குகளிலும் ஒரே வகைப் பிழை இருந்தால், அல்லது வாய்மொழியாக அழகாகச் சொல்பவன் எழுதும்போது மட்டும் எழுத்துகளைத் தொலைக்கிறான் என்றால், கற்றல் குறைபாடும் உடனிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளில் கணிசமானோருக்கு அது சேர்ந்தே இருக்கிறது. அதற்கு மாத்திரையில் மருந்தில்லை, தனிப் பயிற்றுமுறைதான் உண்டு.

கண், காது, தூக்கம் ஆகிய மூன்றையும் சோதித்துவிட வேண்டும். மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதை வீங்கி இரவெல்லாம் வாயால் மூச்சுவிடும் பிள்ளை பகலில் எரிச்சலோடும் அலைபாய்ந்தபடியும் இருப்பது புதிதன்று. வகுப்பிலேயே வயதில் மிக இளையவனா என்பதையும் பார்க்கவேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வகுப்பின் இளையவர்களான டிசம்பரில் பிறந்த சிறுவர்களுக்கு, மூத்தவர்களான ஜனவரியில் பிறந்தவர்களைவிட இக்குறைபாடு இருப்பதாகக் கண்டறியப்படும் வாய்ப்பு 30 விழுக்காடு அதிகமாக இருந்தது. இரண்டரை வயதில் பிரீ-கே.ஜி.யில் உட்காரவைக்கும் நம் ஊர்ப் பழக்கத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும். பெண் குழந்தைகளில் நிலைமை நேரெதிர். சத்தம் போடாமல், ஓடாமல், கடைசி பெஞ்சில் கனவு கண்டுகொண்டிருக்கும் சிறுமியைப் பற்றி ஆசிரியரிடமிருந்து புகார் வராது என்பதால் அவளுக்கு அறிக்கையே வருவதில்லை, வந்தாலும் மிகவும் தாமதமாகவே வருகிறது.

பயிற்சி: யாருக்கு என்பதே கேள்வி

நம் நகரங்களில் 'தெரபி' என்றால் பெரும்பாலும் பிள்ளையை ஓர் அறைக்குள் அழைத்துச்சென்று கதவைச் சாத்தி, முக்கால் மணி நேரம் ஊஞ்சல், பந்து, மணி கோத்தல் என்று செயற்பயிற்சி அளித்து அனுப்புவதையே குறிக்கிறது. பெற்றோர் வெளியே நாற்காலியில் கைப்பேசியோடு காத்திருப்பார்கள். கை அசைவிலோ உடல் ஒருங்கிணைப்பிலோ சிக்கல் உள்ள பிள்ளைக்கு இதனால் பயன் உண்டு, ஏ.டி.எச்.டி.யின் மைய அறிகுறிகளை இது குறைக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. ஆய்வுகளில் பலன் காட்டியிருக்கும் பயிற்சி வேறு. அதில் பயிற்சி பெறுபவர்கள் பெற்றோரும் வகுப்பாசிரியரும்தாம். கட்டணம் கட்டும் முன், "உள்ளே எனக்கு என்ன சொல்லிக் கொடுப்பீர்கள்?" என்று கேட்டுவிடுவது நல்லது.

அப்பயிற்சியின் அடிப்படை எளியது. இப்பிள்ளைகளுக்கு அடுத்த மாதப் பரிசும் ஆண்டு இறுதித் தேர்வும் ஏறக்குறைய இல்லாதவை போலவே. அடுத்த பத்து நிமிடத்தில் நிகழ்வது மட்டுமே அவர்களை இயக்கும். ஆகவே கட்டளைகள் சிறியவையாகவும், விளைவுகள் உடனடியானவையாகவும், பாராட்டு கண்டிப்பைவிட அடிக்கடி வருவதாகவும் இருக்கவேண்டும். "பையை எடுத்து வை, கை கால் கழுவிட்டு, யூனிஃபார்ம மாத்திட்டு, டைரிய எடுத்துட்டு வா" என்று ஒரே மூச்சில் சொன்னால் முதல் வேலையோ கடைசி வேலையோ மட்டும்தான் நடக்கும். அது அலட்சியம் அன்று; நான்கு கட்டளைகளை நினைவில் தாங்கி வைத்திருக்கும் திறனே அவனுக்குக் குறைவு. 2007-இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட மூளைப் படிம ஆய்வில், மூளைப் புறணி உச்சத் தடிப்பை எட்டும் வயது மற்றப் பிள்ளைகளுக்கு ஏழரையாகவும், இவர்களுக்குப் பத்தரையாகவும் இருந்தது. எட்டு வயதுப் பிள்ளையிடம் சில விஷயங்களில் ஐந்து வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பதையே எதிர்பார்க்கவேண்டும் என்பதை இந்த மூன்று ஆண்டு இடைவெளி ஓரளவு விளக்குகிறது.

வகுப்பறையில் இதைச் செயல்படுத்த மிகச் சிக்கனமான கருவி தினக் குறிப்பு அட்டை. கால் தாளில் மூன்று வரிகள் போதும்: கரும்பலகையில் உள்ளதை எழுதி முடித்தான், கை தூக்கிய பிறகு பேசினான், இரண்டு நினைவூட்டலுக்குள் தன் இடத்தில் அமர்ந்தான். ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் ஆசிரியர் ஒரு டிக் போடுவார், இல்லையென்றால் வெறுமனே விட்டுவிடுவார். சிவப்பு மையில் விளக்கம் எழுதத் தேவையில்லை. தொடக்கத்தில் இலக்கு, பிள்ளை பெரும்பாலான நாள்களில் எட்டக்கூடிய அளவுக்குத் தாழ்வாகவே இருக்கவேண்டும். மாலையில் அட்டை வீட்டுக்கு வந்ததும், இலக்கை எட்டியிருந்தால் அன்றைக்கே அரை மணி நேரம் சைக்கிள், அல்லது அப்பாவுடன் ஒரு கேரம் ஆட்டம். எட்டவில்லை என்றால் அது இல்லை, அவ்வளவே. திட்டும் உபதேசமும் கூடாது. முழு ஆண்டுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் புதுச் சைக்கிள் என்று அறிவிப்பது இப்பிள்ளையிடம் எடுபடாது.

இதன் குறை, ஆசிரியரின் மனம் சார்ந்திருப்பது. நாற்பத்தைந்து பேர் உள்ள வகுப்பில் ஒருவனுக்காக நாளைக்கு எட்டு டிக் போடுவது கூடுதல் வேலைதான். ஆசிரியர் ஒப்புக்கொண்டாலும் சில வாரங்களில் அட்டை தேய்ந்துபோவது உண்டு. இருக்கையை ஜன்னல், கதவுகளிலிருந்து விலக்கி முன்வரிசைக்கு மாற்றுவது, இருபது கணக்கு கொடுக்கும் இடத்தில் பத்து கொடுப்பது, கரும்பலகையைத் துடைக்கவும் நோட்டுகளை அடுத்த அறைக்குக் கொண்டுபோகவும் அனுப்பி அசைவுக்கு நியாயமான வழி தருவது ஆகியவை இதைவிட எளிதாக நடைபெறக்கூடியவை.

மருந்து: அச்சமும் எதிர்பார்ப்பும்

மருந்துகளில் முதலிடம் மெத்தில்பெனிடேட் என்னும் ஊக்கி மருந்துக்கு. ஸ்விட்சர்லாந்தில் சீபா நிறுவனத்தின் வேதியியலர் லியாண்ட்ரோ பனிசோன் 1944-இல் உருவாக்கிய பழைய மருந்து இது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கப்படுகிறது. உட்கொண்ட அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் செயல்படத் தொடங்கும் என்பதால், பயன் உண்டா இல்லையா என்பது சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். பயிற்சிக்கு இத்தனை விரைவு கிடையாது. சாதாரண மாத்திரை மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். நீண்ட நேரம் செயல்படும் வகை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை நிற்கும். காலை எட்டு மணிக்குக் கொடுத்த சாதாரண மாத்திரை நண்பகலிலேயே ஓய்ந்துவிடும்போது, ஐந்தரை மணி டியூஷனில் அவன் ஏன் அடங்கவில்லை என்று வியப்பதில் பொருளில்லை. (ஏழு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்த பிள்ளைக்கு டியூஷனே வேண்டுமா என்பது தனிக் கேள்வி. வேண்டாம் என்பது என் விடை.)

பக்க விளைவுகளில் பசியின்மைதான் பெற்றோர் முதலில் காண்பது. மதிய டப்பா அப்படியே திரும்பி வரும். காலை உணவை வயிறாரக் கொடுத்துவிட்டு மாத்திரை கொடுப்பதும், மருந்து ஓய்ந்த மாலையிலும் இரவிலும் சத்துள்ளதாகக் கூடுதலாகக் கொடுப்பதும் பொதுவான வழிகள். தூக்கம் தாமதமாவது, தலைவலி, வயிற்றுவலி, நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்று உயர்வது, உயர வளர்ச்சி ஓரளவு குறைவது ஆகியவையும் உண்டு. ஆகையால் பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடையும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை உயரம், நாடி, இரத்த அழுத்தம் ஆகியவையும் அளக்கப்படவேண்டும் என்று பிரிட்டனில் மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி கூறுகிறது. குடும்பத்தில் இளவயதில் திடீர் மாரடைப்போ இதய நோயோ இருந்திருந்தால் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இந்தியாவில் மெத்தில்பெனிடேட், மருந்து விதிகளின் 'எக்ஸ்' அட்டவணையில் உள்ளது. மருத்துவர் சீட்டை இரண்டு பிரதிகளாக எழுதித் தரவேண்டும்; ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பாதுகாக்கவேண்டும்; தனி உரிமம் உள்ள கடையில்தான் கிடைக்கும். தெருமுனைக் கடையில் கேட்டால் கடைக்காரர் பார்க்கும் பார்வையே பாதிப் பெற்றோரைத் திரும்பி வரச் செய்துவிடுகிறது. இக்கட்டுப்பாடு மருந்து தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுப்பதற்காக ஏற்பட்டது. மருத்துவர் கண்காணிப்பில் சிறுவயதில் இம்மருந்து பெற்றவர்கள் அதனாலேயே பிற்காலத்தில் போதைப் பழக்கத்துக்கு ஆளாகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டவில்லை. சிறு ஊர்களில் உள்ள குடும்பங்களுக்கு மாதந்தோறும் நகரத்துக்கு வந்து வாங்குவது உண்மையான சுமை என்பதால், அடோமாக்ஸிடின் என்னும் ஊக்கி அல்லாத மருந்தை மருத்துவர் எழுதுவதும் உண்டு. அது நாள் முழுதும் நிற்கும், மாலையில் திடீரென ஓயாது. ஆனால் முழுப்பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், பலனும் சராசரியில் சற்றுக் குறைவு. தொடக்க வாரங்களில் மனநிலை மாற்றத்தையும், அரிதாக வரும் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகளையும் கவனிக்கவேண்டும்.

மருந்தால் எது நடக்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வில்லியம் பெலம் என்ற அமெரிக்க உளவியலரும் அவர் குழுவினரும் 173 பிள்ளைகளிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து எடுத்த நாள்களில் பிள்ளைகள் அதிகக் கணக்குகளைச் செய்து முடித்தார்கள், வகுப்பு விதிகளையும் குறைவாகவே மீறினார்கள்; ஆனால் புதிதாகக் கற்பிக்கப்பட்ட சொற்களையும் பாடங்களையும் கற்றுக்கொண்ட அளவில் வேறுபாடு இல்லை. மாத்திரை பிள்ளையை மேசையில் அமர்த்தும். ஒன்றாம் வகுப்பிலிருந்து விடுபட்டுப்போன எழுத்துக் கூட்டலையும் வாய்ப்பாட்டையும் யாராவது அருகில் அமர்ந்து சொல்லித்தரத்தான் வேண்டும்.

இவ்விரண்டில் எது முதலில்

இதில் உலக அளவில் மதிக்கப்படும் வழிகாட்டிகளே ஒன்றுபடவில்லை. பிரிட்டனின் நைஸ் வழிகாட்டி 2018-இல், ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முதலில் குறைபாட்டைப் பற்றிய விளக்கமும் வீடு, வகுப்பறைச் சூழல் மாற்றங்களும் செய்து, அதன் பிறகும் பாதிப்பு நீடித்தால் மருந்து என்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019-இல், ஆறு வயது முதலானவர்களுக்கு மருந்தையும் பயிற்சியையும் சேர்த்தே பரிந்துரைத்தது. ஐந்து வயதுக்குக் கீழே பெற்றோர் பயிற்சியே முதலில் என்பதில் இரு தரப்பும் உடன்படுகின்றன.

மருந்துக்குச் சாதகமாக எப்போதும் காட்டப்படுவது 1999-இல் வெளியான எம்.டி.ஏ. ஆய்வு. 579 பிள்ளைகள் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு 14 மாதங்கள் கவனிக்கப்பட்டார்கள். மைய அறிகுறிகளைக் குறைப்பதில் கவனமாகக் கண்காணிக்கப்பட்ட மருந்து, பயிற்சியை வென்றது. இரண்டும் சேர்ந்த பிரிவில் பெற்றோர் பிள்ளை உறவு, பதற்றம் போன்றவற்றில் கூடுதல் நன்மை தெரிந்தது, மருந்தின் அளவும் குறைவாகவே தேவைப்பட்டது. இதை மேற்கோள் காட்டுவோர் இரண்டு செய்திகளை விட்டுவிடுகிறார்கள். ஆய்வுக் காலம் முடிந்து அவரவர் விருப்பப்படி சிகிச்சை தொடர்ந்த நிலையில், மூன்றாம் ஆண்டில் பிரிவுகளுக்கிடையே வேறுபாடு மறைந்துவிட்டது. அங்கே பயிற்சிப் பிரிவு பெற்றதோ முப்பத்தைந்து பெற்றோர் அமர்வுகள், எட்டு வாரக் கோடை முகாம், வகுப்பறையில் உதவியாளர் என்ற பெரும் ஏற்பாடு. நம் மாவட்டத் தலைநகர்களில் கிடைக்கும் வாரம் ஒரு முறை முக்கால் மணி நேரத்தை அதற்கு இணையாக வைத்துப் பேச முடியாது.

வரிசையையே நேராகச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. பெலம் குழுவினர் 2016-இல் வெளியிட்டது அது. 5 முதல் 12 வயது வரையுள்ள 146 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு முதலில் பயிற்சி, மறு பகுதியினருக்கு முதலில் குறைந்த அளவு மருந்து தரப்பட்டது. போதாதவர்களுக்கு அளவு கூட்டப்பட்டது, அல்லது மற்றது சேர்க்கப்பட்டது. பயிற்சியில் தொடங்கியவர்களே வகுப்பறை விதிகளைக் குறைவாக மீறினார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு விவரம்: முதலில் மருந்து பெற்றவர்களின் பெற்றோர், பின்னர் பயிற்சி வகுப்புகளுக்கு மிகக் குறைவாகவே வந்தார்கள். பிள்ளை அமைதியாகிவிட்டான், இனி எதற்கு என்ற எண்ணம் எந்த நாட்டுப் பெற்றோருக்கும் இயல்புதான்.

இவற்றை வைத்து, எட்டு வயதும் நடுத்தரப் பாதிப்பும் உள்ள பிள்ளைக்குப் பெற்றோர் பயிற்சியையும் வகுப்பறை மாற்றங்களையும் முதலில் தொடங்குவதையே நான் ஆதரிப்பேன். அதற்குக் கெடு வேண்டும். ஒரு பருவம், அதாவது மூன்று மாத அளவு போதுமானது; தொடக்கத்தில் ஆசிரியர் நிரப்பிய அதே படிவத்தை முடிவிலும் நிரப்பி ஒப்பிடவேண்டும். பெரிய மாற்றம் இல்லையென்றால் மருந்தைச் சேர்ப்பதில் தயங்கக் கூடாது. 'கடைசி ஆயுதம்' என்று மருந்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் வீடுகளில், அந்த ஆண்டுகளில் பிள்ளை தன்னைப் பற்றிக் கற்றுக்கொள்வது 'நான் மக்கு, நான் கெட்டவன்' என்பதைத்தான். சாலையில் கையை உதறிவிட்டு ஓடுகிறான், மாடியில் ஏறிக் குதிக்கிறான், ஒரு வரிகூட எழுத முடியவில்லை, நண்பன் என்று ஒருவன்கூட இல்லை என்ற அளவுக்குப் பாதிப்பு கடுமையாக இருந்தால், காத்திருக்காமல் இரண்டையும் ஒன்றாகவே தொடங்கவேண்டும்.

பட்டியலில் சேராதவை

சர்க்கரையை நிறுத்தினால் சரியாகும் என்பது பரவலான நம்பிக்கை. 1995-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதே அது நிற்கவில்லை. செயற்கை நிறமிகளைக் குறைப்பதால் சில பிள்ளைகளுக்குச் சிறு நன்மை உண்டு, தீங்கில்லை. தலையில் உணரிகளைப் பொருத்தி மூளை அலையைப் பழக்கும் நியூரோஃபீட்பேக், யாருக்கு எது தரப்படுகிறது என்று மதிப்பிடுவோருக்குத் தெரியாதபடி நடந்த ஆய்வுகளில் பெரிய பலன் காட்டவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிக்கவைக்கும் 'நடுமூளைத் தூண்டல்' வகுப்புக்குப் பணம் கட்டுவதைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை.

பள்ளி மாற்றம்

இது மூன்றிலும் செலவு மிக்கது, திரும்பப் பெற முடியாதது. பிள்ளைக்கு இருக்கும் ஓரிரு நண்பர்களையும், அவனைப் புரிந்துகொள்ளத் தொடங்கிய ஓர் ஆசிரியரையும் இழக்கவேண்டியிருக்கும். புதிய இடத்தில் முதல் மாதம் எல்லாம் புதிதாக இருப்பதால் அவன் நன்றாகவே இருப்பான், புதுமை தீர்ந்ததும் பழைய புகார்களே வரும். ஆகவே பயிற்சியும், தேவையானால் மருந்தும் முயன்ற பிறகே இது வரவேண்டும் என்பது பொது நிலை.

பள்ளியே வெளியேறச் சொல்லும்போது நிலைமை வேறு. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, எந்தப் பிள்ளையையும் வெளியேற்றுவதைத் தடைசெய்கிறது. 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் உச்ச நீதிமன்றத்தின் 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பால் இச்சட்டத்துக்கு வெளியே உள்ளன. டி.சி. என்பது பெற்றோர் கேட்டுப் பெறுவது என்பதால், 'நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்' என்று வாய்மொழியாகச் சொல்வதே நடைமுறை. அவசரப்பட்டு எழுதிக் கொடுக்கக் கூடாது. எழுத்தில் காரணம் கேட்டாலே பேச்சின் தொனி மாறுவதுண்டு.

சட்டத்தில் இப்பிள்ளைகளுக்கு ஒரு இடைவெளியும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உண்டு, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. தேர்வில் கூடுதல் நேரம், எழுதுபவர் உதவி போன்ற சலுகைகள் பெரும்பாலும் அப்பட்டியலைச் சார்ந்தே தரப்படுவதால், கற்றல் குறைபாடும் உடனிருக்கும் பிள்ளைக்கு எட்டு வயதுக்கு மேல் அதற்கான மதிப்பீட்டைச் செய்து சான்றிதழ் பெற்றுவைப்பது பத்தாம் வகுப்பில் உதவும். மூன்று மணி நேரத் தேர்வுக்கு சி.பி.எஸ்.இ. ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறது. மூன்றாம் வகுப்பில் இருக்கையை மாற்றவோ கணக்குகளைக் குறைக்கவோ எந்தச் சான்றிதழும் தேவையில்லை, அதைக் கேட்கும் பள்ளி தட்டிக்கழிக்கிறது என்றே பொருள்.

மாற்றுவது என்று முடிவானால் எங்கே? அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு உள்ளோருக்கான சிறப்புப் பள்ளி, ஏ.டி.எச்.டி. மட்டும் உள்ள பிள்ளைக்கு உரிய இடம் அன்று. கற்றல் குறைபாடு தீவிரமாக இருந்தால், ஓரிரு ஆண்டு தனிப் பயிற்றுமுறையில் படித்துவிட்டு வழக்கமான பள்ளிக்குத் திரும்பும் ஏற்பாடு பொருந்தும்; சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் நீண்டகாலமாக இதைச் செய்துவருகின்றன. நடுத்தர வர்க்கம் எண்ணிப்பார்க்கவே மறுக்கும் ஒரு வழி, பக்கத்தில் உள்ள அரசுத் தொடக்கப்பள்ளி. மாணவர் எண்ணிக்கை குறைவாக உள்ள பள்ளிகளில், எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, தரையில் குழுவாக அமர்த்தி, எழுந்து நடந்து செய்யும் செயல்களோடு நடத்தும் பாடம், நாற்பது நிமிடம் பெஞ்சில் அசையாமல் இருக்கச்சொல்லும் மெட்ரிக் வகுப்பைவிட இப்பிள்ளைக்கு ஏற்றதாக இருக்கக்கூடும். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் அங்கே வருகை தருவார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆர்.பி.எஸ்.கே. என்னும் மத்திய அரசின் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் ஏ.டி.எச்.டி.யும் சேர்க்கப்பட்டுள்ளதால், மாவட்ட இடையீட்டு மையத்தில் மதிப்பீடும் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் பள்ளிக்குப் பள்ளி, ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபாடு மிக அதிகம். நேரில் ஒரு நாள் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

திறந்தநிலைப் பள்ளி எட்டு வயதுக்குரிய பேச்சே இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்புக்கு 14 வயது முடிந்திருக்கவேண்டும். ஐந்து பாடங்களை ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகளில் ஒவ்வொன்றாக எழுதி முடிக்கலாம் என்பது பெரிய சலுகைதான். எனினும், யாரும் மணி அடிக்காமல், யாரும் வீட்டுப்பாடம் கேட்காமல், தானே அட்டவணை போட்டுப் படிக்கும் திறனை அது எதிர்பார்க்கிறது, ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கு இல்லாததே அந்தத் திறன்தான். தினமும் அமர்ந்து சொல்லித்தர ஒரு மையமோ ஓர் ஆளோ உறுதியானால் மட்டும் ஒன்பதாம் வகுப்பில் அதை யோசிக்கலாம்.

வரிசையைத் தலைகீழாக்கவேண்டிய இடமும் உண்டு. பிள்ளையை அடிக்கிறார்கள், தினமும் வகுப்புக்கு வெளியே நிற்கவைக்கிறார்கள், மற்றப் பிள்ளைகள் முன் பட்டப்பெயர் சொல்லி அழைக்கிறார்கள், பேசிப் பார்த்தும் மாறவில்லை என்றால் பள்ளி மாற்றம்தான் முதலில். அந்த வகுப்பில் எந்தப் பயிற்சியும் எடுபடாது. அப்போது புதிய பள்ளியில் அறிக்கையைக் காட்டுவதா மறைப்பதா என்று பெற்றோர் குழம்புகிறார்கள். சேர்க்கை மேசையில் இருப்பவரிடம் பத்துப் பக்க அறிக்கையை நீட்டுவதால் பயனில்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியரைத் தனியே சந்தித்து, கையால் எழுதிய ஒரு பக்கத்தைக் கொடுப்பது நல்லது: அவனுக்கு என்ன நன்றாக வரும், எந்த நேரத்தில் தடுமாறுவான், எப்படிச் சொன்னால் கேட்பான், மாத்திரை எத்தனை மணிவரை நிற்கும், அழைக்கவேண்டிய எண் எது. அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்துவிட்டு ஆசிரியர் கேட்கும் முதல் கேள்வி, 'எங்கே உட்காரவைக்கலாம்?' என்பதா, 'எப்போது சரியாகும்?' என்பதா என்று கவனித்தால், சேர்த்த பள்ளி எப்படிப்பட்டது என்பது அங்கேயே பெருமளவு தெரிந்துவிடும்.